கேமராவுக்கு வெளியே ஓடியவர்

மைதானத்தின் நடுவில் நடுவர் பந்தைத் தரையில் ஓங்கி அடிக்கிறார். முட்டை வடிவப் பந்து நேராக மேலே எழும்புகிறது. இரண்டு அணிகளின் நெட்டை ஆட்கள் ஓடிவந்து, முழங்காலை உயர்த்தி, ஒருவர் மீது ஒருவர் மோதிக்கொண்டு அதைத் தட்டிவிடப் பார்க்கிறார்கள். அரங்கத்தின் கண்கள் அத்தனையும் அண்ணாந்திருக்கின்றன. கீழே, சிவப்பு, வெள்ளை, கறுப்புச் சட்டையில் 35 என்ற எண்ணோடு ஒருவர் நிற்கிறார். எதிரணிக்காரர் ஒருவர் அவருடைய முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறார். கை தோளில் கிடக்கிறது, விரல்கள் சட்டையைப் பற்றியிருக்கின்றன. 35-ஆம் எண்காரர் திமிறவில்லை. முன்கால் விரல்களில் எடையை இறக்கி, கொஞ்சம் குனிந்து, காத்திருக்கிறார். பந்து தட்டப்பட்டு விழும் திசை தெரிந்ததும் முதல் எட்டை வைப்பவர் அவர்தான்.

அந்த 35-ஆம் எண்காரரான ராபர்ட் ஹார்வியைப் பழைய ஆட்டப் பதிவுகளில் பார்க்க விரும்புகிறவர்கள் பந்தை மறந்துவிட வேண்டும். கேமரா பந்தின் பின்னாலேயே போகும். விட்டுவந்த ஆளைத் திரும்பிப் பார்க்காது. ஹார்வி பந்தை எடுப்பார். இரண்டு எட்டு வைத்து, உள்ளங்கையில் ஏந்திய பந்தை மறு கை முட்டியால் குத்தி, பக்கத்தில் வரும் தோழருக்குக் கொடுப்பார். பிறகு படச்சட்டத்தின் ஓரம் வழியாக வெளியே போய்விடுவார். தோழர் உதைப்பார், இன்னொருவர் பிடிப்பார், எதிரணி பறிக்கும், பந்து வந்த வழியே திரும்பும். அவருடைய அணியான செயின்ட் கில்டாவின் கோல் கம்பங்களுக்கு முன்னால் யாரோ ஒருவர் எதிரணி ஆட்டக்காரரின் இடுப்பைக் கட்டிப் பிடித்துச் சாய்ப்பார். எழுந்து திரும்பும்போது முதுகில் 35 தெரியும். இடையில் ஓடிய நூற்றுச் சொச்சம் மீட்டர் படத்தில் இருக்காது. நேரில், மேல் அடுக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் அதைப் பார்த்திருக்கலாம். அவர்களிலும் பந்தைவிட்டுக் கண்ணை எடுத்தவர்கள் மட்டும்.

இந்த ஓட்டத்தின் பாரம் புரிய வேண்டுமானால் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் தரையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோடையில் கிரிக்கெட் ஆடும் அதே நீள்வட்டம்தான் குளிர்காலத்தில் இதற்கும். மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஏறக்குறைய 160 மீட்டர், குறுக்கே 140. அணிக்கு 18 பேர். ஆஃப்சைடு என்ற விதி கிடையாது. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் எங்கும் ஓடலாம். 20 நிமிடக் கால்பகுதி நான்கு. பந்து நின்ற நேரத்தையும் சேர்த்தால் ஒவ்வொன்றும் அரை மணியை நெருங்கும். முன்களத்தில் நிற்பவருக்கும் பின்களத்தில் நிற்பவருக்கும் பந்து தூரத்தில் இருக்கும்போது மூச்சு வாங்க அவகாசம் உண்டு. மிட்ஃபீல்டருக்கு இல்லை. பந்து எந்தக் கோடியில் இருந்தாலும் அது அவருடைய வேலைதான். ஓர் ஆட்டத்தில் ஒரு மிட்ஃபீல்டர் 12 முதல் 15 கிலோமீட்டர் வரை ஓடுவார். அது சாலையோர ஓட்டம்போல ஒரே சீரானது அல்ல. பாய்ச்சல், சடாரென நிறுத்தம், மோதல், விழுதல், எழுந்ததும் மறுபடி பாய்ச்சல். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினால் 15 மீட்டருக்குள் அதைத் தரையில் ஒருமுறை தட்டி எடுத்தாக வேண்டும். பின்னால் துரத்துகிறவர் அந்தக் கணத்துக்காகவே காத்திருப்பார்.

ஹார்வி விளையாட வந்த காலத்தில் வெளியே உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரர்கள் இருவர்தான். 1994-இல் அது மூன்று ஆனது, 1998-இல் நான்கு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெளியே போய் இளைப்பாறித் திரும்பும் இன்றைய வழக்கம் அவருடைய கடைசி ஆண்டுகளில்தான் பெருகியது. அதற்கு முன்பெல்லாம் நல்ல மிட்ஃபீல்டர் என்றால் முதல் பந்து துள்ளியதிலிருந்து கடைசிச் சங்கு ஊதும்வரை உள்ளேயே இருக்க வேண்டும். இப்போதைய எண்களை அவருடைய எண்களோடு ஒப்பிடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மெல்போர்ன் நகரின் தென்கிழக்கே, போர்ட் பிலிப் விரிகுடாவை ஒட்டி, ஃபிராங்க்ஸ்டன் ரயில் தடம் போகிறது. அதில் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் சீஃபோர்டு. ஹார்வி அந்த ஊர் அணியிலிருந்து வந்தவர். 1971 ஆகஸ்ட் 21 பிறந்த நாள். அதே தடத்தில் நகரத்தை நோக்கி வந்தால் மூராபின். செயின்ட் கில்டா கழகத்தின் மைதானம் அன்று அங்கே இருந்தது. 17 வயதை எட்டிய 1988-ஆம் ஆண்டிலேயே அவர் முதல் அணியில் ஆடிவிட்டார்.

எந்தக் கழகத்துக்கு வந்து சேர்ந்தார் என்பதைச் சொல்லாமல் அவருடைய கதையைச் சொல்ல முடியாது. 1897-இல் விக்டோரியக் கால்பந்து லீக் தொடங்கியபோதே இருந்த அணிகளில் ஒன்று செயின்ட் கில்டா. அத்தனை ஆண்டுகளில் அது வென்ற கோப்பை ஒன்றே ஒன்று. 1966 இறுதி ஆட்டத்தில், காலிங்வுட் அணிக்கு எதிராக, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில். பாரி பிரீன் உதைத்த பந்து உள்கம்பங்களுக்கு நடுவே போகாமல் பக்கத்து இடைவெளியில் போனது. கோலுக்கு ஆறு புள்ளி, அதற்கு ஒன்று. அந்த ஒன்றைத்தான் கழகம் இன்றுவரை போற்றி வைத்திருக்கிறது. அந்த நாளில் அணித் தலைவராக இருந்த டாரல் பால்டாக்தான் 1988-இல் பயிற்சியாளர். அவருக்குக் கீழேதான் ஹார்வி அறிமுகமானார். 1983 முதல் 1986 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் கடைசி இடம். 1988-இல் மறுபடி கடைசி இடம். கோப்பையைத் தூக்கியவர் ஓரத்தில் நின்று பார்க்க, தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில் ஒரு பையன் ஓடத் தொடங்கினான்.

மூராபின் மைதானம் சேற்றுக்குப் பேர்போனது. குளிர்கால மழையில் நடுப்பகுதி உழுத வயலைப்போல் ஆகிவிடும். அங்கே வேகமாக ஓடுகிறவனுக்கு வேகத்தால் பயனில்லை; திரும்பத் திரும்ப ஓட முடிகிறவனுக்கே பயன். ஹார்வியின் கால்கள் அங்கே பழகியதில் எனக்கு ஒரு பொருள் தெரிகிறது. 1992-க்குப் பிறகு செயின்ட் கில்டா அந்த இடத்தைவிட்டு வேவர்லி பார்க் போனது. அது மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தைவிடவும் அகன்ற புல்வெளி. காற்றும் குளிரும் அதிகம். சேற்றில் நின்றுபோகாதவருக்கு அந்த அகலம் கிடைத்தபோது எதிரணிகள் திணறின.

அன்றைய அணியை இன்று நினைத்தாலும் மனம் நிறைகிறது. முன்களத்தில் டோனி லாக்கெட். கோல் அடிப்பதில் அந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே அவரை மிஞ்சியவர் இல்லை. இறக்கைப் பகுதியில் நிக்கி வின்மார். 1993 ஏப்ரலில் காலிங்வுட்டின் விக்டோரியா பார்க்கில், நிறவெறிக் கூச்சலிட்ட கூட்டத்தின் முன் சட்டையைத் தூக்கித் தன் தோலைச் சுட்டிக்காட்டினாரே, அவர். உயரப் பந்துகளுக்கு ஸ்டுவர்ட் லோ. நடுக்களத்தில் ஹார்வியோடு நேதன் பர்க். 1973-க்குப் பிறகு முதல்முறையாக 1991-இல் கழகம் இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தது. 1992-இலும் நுழைந்தது. கழகத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது 1992-இல் ஹார்விக்கு, 1994-இல் மறுபடி ஹார்விக்கு. அந்த விருது இன்று டிரெவர் பார்க்கர் பெயரால் வழங்கப்படுகிறது. தோற்ற ஆண்டுகள் முழுக்க அந்தக் கழகத்திலேயே கிடந்து 230 ஆட்டங்கள் ஆடியவர் பார்க்கர். 1996-இல் புற்றுநோய் அவரை 39 வயதில் கொண்டுபோனது. ஹார்வி இளைஞராக உடைமாற்றும் அறைக்குள் வந்தபோது பார்க்கர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார். தங்கியிருப்பது எப்படி என்பதை அந்தப் பையன் அருகிலிருந்தே பார்த்திருப்பான்.

1994 முடிவில் லாக்கெட் சிட்னிக்குப் போனார். போனதில் குற்றம் இல்லை. ஆட்டக்காரரின் வாழ்க்கை குறுகியது. அவருக்கும் முன்னால், 1965, 1966 இரண்டு ஆண்டும் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் பதக்கத்தைச் செயின்ட் கில்டாவுக்காக வென்ற இயன் ஸ்டுவர்ட், பிறகு ரிச்மண்டுக்கு மாறி 1971-இல் மூன்றாவது பதக்கத்தை அங்கே வென்றார். யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விசுவாசம் என்று நாம் ஒன்றைப் போற்றுவதானால், போகக் கதவு திறந்திருந்தும் போகாதவரிடம்தான் அதைத் தேட வேண்டும். ஹார்வி அதைப் பற்றி மேடை போட்டுப் பேசியவர் அல்ல. அடுத்த பருவத்துக்கான பயிற்சி தொடங்கும் நாளில் வந்து நிற்பார். முன்வரிசையில் ஓடுவார். அவ்வளவுதான்.

பயிற்சியைப் பற்றிச் சொல்லும்போதே அவரை வேட்டையாட வந்தவர்களையும் சொல்ல வேண்டும். 1990-களில் ஓர் அணியின் முதன்மை மிட்ஃபீல்டருக்கு எதிராக மறு அணி ஒருவரை ஒதுக்கிவைக்கும். டேகர் என்பார்கள். பந்தை எடுப்பது டேகரின் வேலையல்ல. அடுத்தவர் எடுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. நடுவர் பார்க்காதபோது சட்டையைப் பிடிப்பார், விலாவில் முழங்கையை வைப்பார், காதோரம் ஏதாவது சொல்வார். வாரா வாரம் ஹார்விக்கு இப்படி ஒருவர் கிடைத்தார்.

ஓர் ஆட்டத்தை முதல் கால்பகுதியிலிருந்து உட்கார்ந்து பார்த்தால் அது ஒரு நெடுங்கதை மாதிரி விரியும். முதல் கால்பகுதியில் டேகர்தான் ஜெயிப்பார். உடல் புதிது, நிழல்போல் ஒட்டிக்கொள்வார். ஹார்வி சண்டைக்குப் போக மாட்டார். பந்து இல்லாத பக்கம் ஓடுவார். டேகரும் ஓட வேண்டும். திரும்பி வேறு பக்கம் ஓடுவார். அங்கேயும் பந்து வராது. டேகரும் திரும்ப வேண்டும். இரண்டாம் கால்பகுதியில் இருவருக்கும் இடையே கை நீளம் இருந்த இடைவெளி இரண்டு எட்டு ஆகும். இடைவேளைக்குப் பிறகு டேகர் இடுப்பில் கை வைத்து நிற்பதைக் காணலாம். மூச்சு இழுக்கும்போது தோள் இரண்டும் ஏறி இறங்கும். அந்த நேரம் பார்த்து ஹார்வி மறுபடி நகர்வார். பந்து கைக்கு வந்ததும் எதிரே வருகிறவருக்கு அதை நீட்டிக் காட்டி ஏமாற்றி, உடலை ஒரு பக்கம் சாய்த்து, மறு பக்கம் விலகுவார். அந்த ஏய்ப்புதான் மக்கள் நினைவில் வைத்திருக்கும் காட்சி. கைதட்டலும் அதற்குத்தான். அதைச் சாத்தியமாக்கியது முக்கால் மணி நேரத்துக்கு முன் பந்தே வராத மூலைக்கு அவர் ஓடிய வெறும் ஓட்டம்.

இதில் இன்னொன்றும் கவனித்தேன். தன் அணி பந்தை இழந்த கணத்தில் பலரும் ஒரு நொடி நின்றுவிடுவார்கள்: வருத்தத்தில், கோபத்தில், நடுவரைப் பார்த்துக் கை விரிப்பதில். ஹார்வியிடம் அந்த நொடி இல்லை. பந்து போன திசைக்கு உடம்பு முன்பே திரும்பிவிட்டிருக்கும். தாக்குதலுக்கு ஓடுவது எல்லோருக்கும் இனிக்கும், கோல் கிடைக்கலாம். தற்காக்கத் திரும்பி ஓடுவதில் இனிப்பு எதுவும் இல்லை. இரண்டையும் ஒரே விரைவில் ஓடியவர்களை எண்ணிவிடலாம்.

1997 அவருடைய ஆண்டு. அந்தக் கழகத்தின் ஆண்டும்கூட. ஸ்டான் ஆல்வ்ஸ் பயிற்சியில் செயின்ட் கில்டா லீக் ஆட்டங்களின் முடிவில் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. கோப்பை ஆட்டத்துக்கு முந்தைய திங்கட்கிழமை இரவில் பிரவுன்லோ பதக்கத்துக்கான வாக்கு எண்ணிக்கை. ஜீலாங் கழகத்தின் சார்லஸ் பிரவுன்லோ நினைவாக 1924 முதல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கு வழங்கப்படும் பதக்கம் அது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் களத்தில் நின்ற நடுவர்களே மூவருக்கு மூன்று, இரண்டு, ஒன்று என்று வாக்குக் கொடுத்து உறையிட்டு வைப்பார்கள். பருவம் முடியும்வரை யாருக்கும் தெரியாது. திறமையோடு நேர்மையான ஆட்டமும் வேண்டும். அந்தப் பருவத்தில் ஆட்டத் தடை பெற்றவர் எத்தனை வாக்கு வாங்கினாலும் பதக்கத்துக்கு உரியவர் அல்ல. அன்று வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அணியின் கிறிஸ் கிரான்ட் 27 வாக்கு பெற்றார். ஹார்வி 26. ஓர் எதிரணிக்காரரை அடித்ததற்காக ஓர் ஆட்டத் தடை பெற்றிருந்ததால் கிரான்டுக்குப் பதக்கம் இல்லை. பதக்கம் ஹார்வியின் கழுத்துக்கு வந்தது.

இதைச் சொல்லி அந்தப் பதக்கத்தின் ஒளியைக் குறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிரான்ட் அதிக வாக்குப் பெற்றது உண்மை; அந்தச் சிறு தடை அவருக்குக் கொடுமையாக அமைந்ததும் உண்மை. ஹார்வி ஒரு பருவம் முழுக்க அத்தனை பேர் இழுத்தும் இடித்தும் ஒருநாளும் கையை ஓங்காமல் ஆடி 26 வாக்குப் பெற்றதும் அதே அளவு உண்மை. அடுத்த ஆண்டு அவரே இந்தப் பேச்சுக்கு முடிவு கட்டினார். 1998-இல் 32 வாக்கு, யாருடைய தடையும் குறுக்கே இல்லாமல். தொடர்ந்து இரண்டு ஆண்டு அந்தப் பதக்கம் பெற்றவர் அதற்கு முன் வடக்கு மெல்போர்னின் கீத் கிரெய்க், 1973, 1974.

நடுவில் அந்தச் சனிக்கிழமை இருக்கிறது. 1997 செப்டம்பர் 27. எதிரே அடிலெய்டு. 1991-இல்தான் லீக்கில் சேர்ந்த அணி. அதன் முதல் கோப்பை ஆட்டம். அவர்களின் கோல் அடிக்கும் நட்சத்திரம் டோனி மோட்ரா காயத்தால் ஆடவில்லை. இடைவேளையின்போது செயின்ட் கில்டா முன்னிலையில் இருந்தது. முப்பத்தொரு ஆண்டு காத்திருந்தவர்கள் அப்போது என்னென்ன நினைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது. பிறகு ஆண்ட்ரூ மெக்லியாட் ஆட்டத்தைத் தன் கைக்குள் கொண்டுபோனார். கடைசிக் கால்பகுதியில் டாரன் ஜார்மன் மட்டும் ஐந்து கோல். முடிவு 125–94. அந்த இரண்டாம் பாதியை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தால் 35-ஆம் எண் படச்சட்டத்துக்குள் வருவதும் போவதும் குறையவில்லை. ஓட்டம் போதாமல் தோற்ற ஆட்டமல்ல அது. மறுமுனையில் ஒருவர் தொட்டதெல்லாம் கோலான நாள்.

அடுத்த ஆண்டு இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் சிட்னியிடம் இரண்டு புள்ளியில் தோல்வி. அடுத்ததில் மெல்போர்னிடம் தோல்வி. அணியைக் கோப்பை ஆட்டம்வரை கொண்டுபோன ஆல்வ்ஸை அந்தப் பருவ முடிவில் கழகம் நீக்கியது. பின்னர் வந்தது சரிவு. 2000-இல் மறுபடி கடைசி இடம். பருவம் முழுக்க வெற்றி இரண்டு மட்டும். 2001-இல் ஹார்வியைத் தலைவராக்கினார்கள். பயிற்சியாளராக மால்கம் பிளைட் வந்தார். 1997-இல் அடிலெய்டுக்கு அந்தக் கோப்பையை வாங்கிக் கொடுத்த அதே பிளைட். பதினைந்து ஆட்டம் முடிந்ததும் அவரையும் அனுப்பிவிட்டார்கள். பயிற்சியாளர் மாறுவார், நிர்வாகம் மாறும், மைதானம்கூட மாறும். 2000-இலிருந்து கூரை மூடும் டாக்லண்ட்ஸ் அரங்கம்தான் வீடு. அணித் தலைவர் என்ற பொறுப்போடு, தோற்கும் அணியின் நடுவில், முப்பது வயதில், இரண்டு முனைக்கும் ஓடிக்கொண்டிருந்தவர் மாறவில்லை. இரண்டு பருவத்துக்குப் பிறகு தலைமை வேறொருவரிடம் போனது. அதற்காக அவர் எங்கும் முகம் சுளித்ததாகக் கேட்டதில்லை.

அந்தச் சரிவு ஆண்டுகளில் கிடைத்த இளைஞர்கள்தான் பிறகு அணியைத் தூக்கினார்கள். நிக் ரீவோல்ட், லெனி ஹேய்ஸ், நிக் டால் சான்டோ. இவர்களில் பலர் பள்ளிக்கூடப் பையன்களாக இருந்தபோது ஹார்வி பதக்கம் வாங்கியிருந்தார். ஹேய்ஸின் ஆட்டத்தைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: தரையில் கிடக்கும் பந்துக்குத் தலைகொடுத்துப் பாய்வது, விழுந்ததும் அடுத்த இடத்துக்கு ஓடுவது. யாரையாவது பார்த்துத்தான் அதைக் கற்றிருக்க வேண்டும்; பயிற்சியில் தினமும் பக்கத்தில் ஓடியவர் யார் என்று யோசித்தால் போதும். 2004-இல் கோப்பை ஆட்டத்துக்கு ஒரு படி முன்னால் போர்ட் அடிலெய்டிடம் ஆறு புள்ளியில், அதாவது ஒரே ஒரு கோலில், அணி தோற்றது. 2005-இலும் அதே படியில், சிட்னியிடம்.

2008 ஆகஸ்டில் அவருக்கு 37 வயது. அந்த வயதில் மிட்ஃபீல்டராக ஆடுவது அரிது. வயதானவர்களைப் பின்களத்தின் ஓரத்திலோ முன்களத்தின் மூலையிலோ நிறுத்திவிடுவார்கள். ராஸ் லையன் பயிற்சியில் இருந்த அந்த அணி ஹார்விக்கு இன்னும் ஓட்டத்தையே கேட்டது. அது அவருடைய கடைசிப் பருவம் என்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு இறுதிச் சுற்று ஆட்டமும் கடைசியாக இருக்கலாம். முதலில் ஜீலாங்கிடம் தோற்றார்கள். அடுத்து காலிங்வுட்டை வென்றார்கள். இன்னும் ஒரு வாரம் கிடைத்தது. செப்டம்பர் 20, மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம், எதிரே ஹாத்தார்ன். 54 புள்ளியில் தோல்வி. ஹாத்தார்ன் மறுவாரம் கோப்பையை வென்றது.

383-ஆவது ஆட்டத்தோடு முடிந்தது. 21 பருவம், ஒரே கழகம். லீக் வரலாற்றில் அன்று அவருக்கு மேலே இருவர்தான் இருந்தார்கள். ஹாத்தார்னின் மைக்கேல் டக், 426 ஆட்டம். ரிச்மண்டின் கெவின் பார்ட்லெட், 403. அவர்களும் ஒரே கழகத்தில் வாழ்ந்தவர்கள்தான். டக்கிடம் ஏழு கோப்பை. பார்ட்லெட்டிடம் ஐந்து. மூன்றாம் வரிசையில் ஹார்வி. கோப்பைக்கான இடத்தில் ஒன்றும் இல்லை. வென்றுகொண்டே இருக்கும் அணியில் தங்கியிருக்க மனம் ஒப்பும். தோற்றால் ஒவ்வொரு பருவ முடிவிலும் தங்குவதா என்ற கேள்வி புதிதாக எழும். இருபது முறை அந்தக் கேள்விக்கு ஒரே பதிலைச் சொன்னவரை டக்குக்கும் பார்ட்லெட்டுக்கும் பக்கத்தில் தயக்கமின்றி உட்காரவைக்கலாம்.

அவர் விலகிய அடுத்த ஆண்டே செயின்ட் கில்டா கோப்பை ஆட்டத்துக்குப் போனது. 2009-இல் ஜீலாங்கிடம் 12 புள்ளியில் தோல்வி. 2010-இல் காலிங்வுட்டோடு சமநிலை. மறுவாரம் திரும்ப ஆடித் தோல்வி. ஓர் ஆண்டு தாமதித்திருந்தால், ஓர் ஆண்டு தாமதமாகப் பிறந்திருந்தால் என்றெல்லாம் ரசிகர்கள் கணக்குப் போடுவதுண்டு. அதில் எனக்கு ஈடுபாடு இல்லை. 2009 இறுதி ஆட்டத்தைப் பார்க்கும்போது மட்டும், மூன்றாம் கால்பகுதியில் பந்து ஜீலாங் பக்கம் திரும்பும்போதெல்லாம், படச்சட்டத்தின் ஓரத்தில் கண் தானாகப் போய்விடுகிறது.

ஆடி முடித்தவர் ஆட்டத்தைவிட்டுப் போகவில்லை. துணைப் பயிற்சியாளராகப் பல ஆண்டு காலிங்வுட்டில் இருந்தார். 2021 நடுவில் நேதன் பக்லி விலகியபோது பருவம் முடியும்வரை அந்த அணியைத் தற்காலிகமாக நடத்தினார். தலைமைப் பயிற்சியாளர் பதவி வேறொருவருக்குப் போனது. 2023 பருவத்துக்கு, மீண்டும் பொறுப்பேற்ற ராஸ் லையனோடு, செயின்ட் கில்டாவுக்கே துணைப் பயிற்சியாளராகத் திரும்பினார். கழகமும் அதற்குள் சுற்றிவிட்டு வீடு திரும்பியிருந்தது. சில ஆண்டுகள் அதன் பயிற்சி மைதானம் அவர் சிறுவயதில் ஆடிய சீஃபோர்டில் இருந்தது; 2018 முதல் மறுபடி மூராபின். பழைய சேறு இப்போது இல்லை. தரை செப்பனிடப்பட்டு, வடிகால் போட்டு, பச்சையாக இருக்கிறது.

35-ஆம் எண்ணை இப்போது ஜாக் சின்கிளேர் அணிகிறார். பெரிய எதிர்பார்ப்பு இல்லாமல், புதுமுகங்களுக்கான தேர்வின் வழியாக அணிக்குள் வந்தவர். பின்களத்திலிருந்து பந்தோடு கிளம்பி முன்களம்வரை ஓடுகிறவர். 2022, 2023 இரண்டு ஆண்டும் லீக்கின் சிறந்த அணியில் இடம் பெற்றார். புகழ்பெற்றவர்களின் எண்ணைச் சில கழகங்கள் யாருக்கும் கொடுக்காமல் நிறுத்திவைப்பதுண்டு. செயின்ட் கில்டா அப்படிச் செய்யாதது எனக்குப் பிடித்திருக்கிறது. ஹார்வியின் எண் அலமாரியில் தொங்குவதைவிட, இரண்டு முனைக்கும் ஓடுகிற ஒரு முதுகில் நனைந்து கிடப்பதுதான் பொருத்தம்.